ரெட் ஆக்ஸைடுக்குள் மறைத்த ஒட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை வெயிலில், ஆவடியில் ஒரு குவார்ட்டர்ஸில் நடந்தது இது. உயரமான இரும்புத் தூண்களின் மேல் தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே ஆள் நின்று வேலை பார்க்க, தூணுக்கு ஒன்றாக நான்கு பிராக்கெட்டுகளை நான் வெல்டிங் வைக்க வேண்டும். அவற்றின் மேல் பலகை போடுவார்கள்.

அம்பத்தூர்ப் பட்டறையில் ஜன்னல் கிரில் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு அதுதான் முதல் சைட் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஐ.டி.ஐ. சான்றிதழ் கிடையாது. வேலையைப் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். எனக்கோ பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன்.

செங்குத்தான ஒட்டைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். மேலிருந்து கீழே இழுப்பது சுலபம், பார்க்கவும் வழவழப்பாக இருக்கும். ஆனால் கசடு உள்ளே சிக்கி, பிடிப்பு இருக்காது. பாரம் தாங்கும் இடத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

காலையில் மெஷினை நூறு ஆம்பியரில் வைத்து, சாரத்தில் நின்று மூன்றை முடித்தேன். நான்காவதில் சனி பிடித்தது. வெல்டிங் ராட் உருகாமல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. இறங்கி வந்து ஆம்பியரைக் கூட்டினேன். கொஞ்ச நேரம் சரியாக ஓடியது. திடீரென்று உருகிய இரும்பு மெழுகுவத்தி மாதிரி ஒழுகியது. இறங்கிக் குறைத்தேன். மறுபடி ஒட்டிக்கொண்டது. ஐந்தாறு தடவை ஏறி இறங்கியதில் என் கைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கீழிருந்து மேஸ்திரி, "இன்னாடா, கோலம் போட்டுகினு கீறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒழுகியதைத் தட்டி எடுத்துவிட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கண்ணாடி மாதிரி விழுந்தது. மேஸ்திரி ஏறிப் பார்த்து, நாலாவதுதான் அழகு என்றார்.

பின்னாலேயே பெயின்டர் வந்து, துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் ரெட் ஆக்ஸைடு அடித்தார். பூந்தமல்லிக்காரர், என் வயதுதான் இருக்கும், பாய் என்று கூப்பிடுவோம். சாப்பாட்டுக்குப் பிறகு சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். அவர் அந்தப் பிராக்கெட்டுகளை நம்பித்தான் பலகையில் நின்று தொட்டியின் அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எந்தப் பக்கம் நிற்பார், ஒட்டு இரண்டு நாள் தாங்குமா, அதற்குள் முடித்துவிடுவாரா என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. நான் சாப்பிடாததைப் பார்த்துவிட்டுத் தன் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார் பாய்.

சாரக்காரர்கள் உச்சிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். பாய் பிரஷ்ஷை இடுப்பில் செருகிக்கொண்டு, பலகை போட ஏணியில் கால் வைத்தார். நான் ஓடிப்போய் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"நாலாவது ஒட்டு சரியில்ல பாய். தெரிஞ்சேதான் பண்ணேன்."

நன்றாக இருப்பதை ஏன் கெடுக்கிறாய் என்று மேஸ்திரி கத்தினார். பாய் சம்மட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். அவிழ்ப்பதை நிறுத்தச் சொல்லி மேலே ஏறி, பிராக்கெட்டைக் கயிற்றில் கட்டிவிட்டு அடித்தேன். மூன்றாவது அடியில் கழன்று கயிற்றில் தொங்கியது. ஒட்டு பட்டையாக உரிந்து வந்தது. உள்ளே கறுப்புக் கசடு. தூண் உருகிய தடமே இல்லை.

இப்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு என்றார் மேஸ்திரி. திட்ட வேண்டிய பாய்தான் குறுக்கே வந்தார்.

"மோட்டார் ஓடச் சொல்லோ அவன் ராடு ஒட்டிக்குது, நின்னா ஒழுவுது. நாலாவதுலேர்ந்து பாத்துகினுதான் கீறேன். அவன் தொழில்ல நான் இன்னாத்துக்கு வாய வுடணும்னு சும்மா இருந்தேன்."

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. குவார்ட்டர்ஸின் தண்ணீர் மோட்டாரும் என் மெஷினும் ஒரே லைன். கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்துவார்கள், ஊறியதும் போடுவார்கள். அது ஓடும்போது எனக்குக் கரன்ட் குறையும், நின்றால் ஏறும். மூன்றாவது பிராக்கெட் வரை அவர்கள் மோட்டாரே போடவில்லை. நான் என் கையைச் சந்தேகப்பட்டேனே தவிர, காதைத் தீட்டவில்லை.

பாயே போய்ப் பேசி அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்த வைத்தார். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் திட்டியது மேலே வரை கேட்டது. துண்டு இரும்பில் ஓட்டிப் பார்த்துத் தொண்ணூற்றைந்தில் வைத்தேன். ராடை நெருக்கிப் பிடித்து, இரண்டு ஓரத்திலும் ஒரு கணம் நிறுத்தி, நடுவில் வேகமாகத் தாண்டி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினேன். ஒழுகவில்லை. அழகாகவும் இல்லை, மீன் செதில் மாதிரி இருந்தது. சம்மட்டியால் பத்துப் பன்னிரண்டு அடி போட்டேன், அசையவில்லை.

பலகை போட்டாயிற்று. பாய் ஏறவில்லை.

"ஒட்னவன் மொதல்ல ஏறு நைனா. நீ நின்னு காட்டு, அப்பால நான் வர்றேன்."

சாரத்தை விட்டுப் பலகையில் காலை வைத்து, நான்காவது பிராக்கெட்டுக்கு நேர் மேலே போய் நின்றேன். கீழே மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பாய் என் பக்கத்தில் வந்து நின்று, தள்ளி நில்லு, சட்டையில் பெயின்ட் சொட்டும் என்றார்.

மேஸ்திரி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இன்றும் ஏணியோ மாடிப்படியோ எதை ஒட்டினாலும், முதலில் நானே ஏறி நின்ற பிறகுதான் மற்றவர்களை விடுகிறேன். பயந்தாங்கொள்ளி என்று பலர் கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்காமல் போனதே, அதற்காக இன்றைக்கும் நன்றியோடுதான் இருக்கிறேன்.