எக்ஸ் என் என்று தொடங்கும் கடை

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி கேட்பாரற்றுக் கிடந்த சமயத்தில்தான் என் அக்கா தொக்கு போட்டு விற்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். "நான் படிக்கிற எழுத்துலயே என் கடை பேரு நெட்டுல வரணும். முடிஞ்சா செய், இல்லாட்டி வுடு" என்றாள். கடத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவனிடம் சொல்கிற பேச்சா இது? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முழுக்கத் தமிழிலேயே ஒரு முகவரி வாங்கித் தளம் செய்து கொடுத்தேன். அக்கா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். தொக்கு பாட்டில் படம் வந்ததும், "அட, என் கடை!" என்று கத்தினாள். அன்றைக்கே நாலைந்து தடவை திறந்து பார்த்தாள்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் மாதா கோயில் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக, பிரவுசரின் மேலே இருந்த முகவரியை அப்படியே காப்பி எடுத்து ஒட்டினேன். தமிழ் போய், எக்ஸ், என், இரண்டு கோடு, பிறகு தாறுமாறாக ஆங்கில எழுத்தும் எண்ணும் வந்து விழுந்தன. எனக்குத் தெரிந்த சங்கதிதான். இணையத்தின் பெயர்ப் பதிவேட்டுக்கு ஆங்கில எழுத்துதான் பழக்கம். நாம் தமிழில் தட்டுவதை பிரவுசர் தனக்குள் இப்படி மாற்றிக்கொண்டுதான் அங்கே போய் விசாரிக்கும். அந்தப் பெயருக்குரிய எண் கிடைத்ததும் தளத்தைத் திறக்கும். அதனால் சட்டை செய்யாமல், 'எங்க அக்கா கடை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மடையன்!

போன மாதம்தான் ஊரில் ஒருவர் ஏதோ லிங்கை அமுக்கி ஏமாந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறிவிப்பு வாசித்த, பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார், கடைசியில் மைக்கில் சொன்னார்: "எக்ஸ் என்னுன்னு ஆரம்பிக்கிற லிங்க் ஒண்ணு நம்ம குரூப்ல சுத்துதுங்க. யாரும் அமுக்காதீங்க. மோசடிங்க."

யார் கடை என்று எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் அக்காவை நோக்கித் திரும்பியது. சாயந்தரம் எதிர் வீட்டுக்காரம்மா, வாங்கிப் போன பாட்டிலை மூடி திறக்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அக்கா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மீதி பாட்டில்களையும் பரண்மேல் ஏற்றினாள்.

உபதேசியாரிடம் போய்ச் சண்டை போட்டேன். "உங்க வெவரமெல்லாம் எனக்குப் புரியலீங்க" என்று கைவிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து புலம்பினேன். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் கடைக்கு எதுக்குடா ரெண்டு பேரு?"

சொன்னேன். கேட்டதும் அக்கா சட்டென்று எழுந்தாள். "ஞானஸ்நானப் பேரு கோயில் புஸ்தகத்துல, கூப்புடற பேரு வூட்டுல. எனக்கும் ரெண்டு பேருதான? எதச் சொல்லிக் கூப்புட்டாலும் நான்தான வர்றேன்!"

அதே வேகத்தில் உபதேசியார் வீட்டுக்குப் போனாள். போனில் தமிழ்ப் பெயரைத் தட்டச் சொன்னாள். கடை திறந்தது. நான் அனுப்பியிருந்த எக்ஸ் என் லிங்கைத் தானே அமுக்கிக் காட்டினாள். அதே கடை, அதே பாட்டில். "மோசடின்னு மைக்குல சொன்னீங்க. அத மைக்குலயே திருப்பி எடுக்கணுங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு ஓலை வாசிக்கிறாப்பல என் கடைக்கும் வாசிங்க. தடை இருக்கறவங்க எல்லார் முன்னாலயும் சொல்லட்டும்."

அவருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நல்ல மனுஷன். அடுத்த ஞாயிறு அந்த வாரக் கல்யாண ஓலை முடிந்ததும், தமிழ்ப் பெயரை வாசித்தார். பிறகு எக்ஸ் என்னில் தொடங்கி, ஓர் எழுத்து விடாமல் இன்னொரு பெயரையும் வாசித்தார். "ரெண்டும் நம்ம தொக்கு போடற அம்மா கடைதானுங்க. தப்பு என்னுது. இதுக்குத் தடை இருக்கறவங்க சொல்லலாங்க."

எதிர் வீட்டுக்காரம்மா எழுந்தார்.

"எனக்கு ஒரு தடை இருக்குதுங்க. நான் திருப்பிக் குடுத்த பாட்டில, என்னைத் தவிர வேற யாருக்கும் குடுக்கக்கூடாதுங்க."

கோயிலே சிரித்தது. அக்கா மட்டும் அழுதாள்.