போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க

1. பாத்ரூம் காட்டுற வேலை

2005 ஜூன் மாதம், பள்ளி திறந்த அன்றுதான் நான் வார்டன் வேலையில் சேர்ந்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு தனியார் பள்ளியின் பெண்கள் ஹாஸ்டல். பள்ளியின் பெயர் எதற்கு, விடுங்கள். அதற்கு முன்பு கடலூர் முதுநகரில் டீச்சராக இருந்தேன். ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு வாய் ஜாஸ்தி என்று அங்கேயே பெயர் எடுத்தாயிற்று. அந்தப் பெயர் நான் போகுமுன்பே இங்கு வந்து சேர்ந்திருந்தது.

கரஸ்பாண்டெண்ட் சார் என்னை உட்காரவைத்து ரூல் சொன்னார். பள்ளிக்கூடம் அவருடையது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

"மேடம், பெத்தவங்க கிளம்பறப்ப புள்ளகிட்ட சொல்லிக்கவே கூடாது. சொன்னா அழுவும். ஒண்ணு அழுதா எல்லாம் அழுவும். பாத்ரூம காட்டுறேன்னு ஆயா உள்ள கூட்டிட்டுப் போவாங்க. திரும்பி வர்றதுக்குள்ள அவுங்க போயிடணும். அப்புறம் ஒரு மாசத்துக்கு விசிட்டிங் கெடையாது, போன் கெடையாது. தானா செட் ஆயிடும்."

ஹாஸ்டலில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டால் "செட் ஆயிடுச்சு" என்போம். வீட்டுக்கும் அதையே சொல்லுவோம். கேட்டதும் அவர்களுக்கும் நிம்மதி.

அன்று மதியம் பண்ருட்டிப் பக்கத்துக் காடாம்புலியூரிலிருந்து ஒரு அப்பா வந்தார். பெயர் முருகேசன். முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். கையில் ஒரு பலாப்பழம், பக்கத்தில் ஆறாம் வகுப்பு சேர வந்த மகள் மலர்விழி. வாசல் பெஞ்சில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆயா வந்து, "வா கண்ணு, பாத்ரூம பாத்துட்டு வந்துடலாம்" என்று மலரைக் கூட்டிப்போனார். வாட்ச்மேன் முருகேசனுக்குக் கண்ணைக் காட்டினார். மனுஷன் பலாப்பழத்தை என் காலடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வெளியே போனார்.

மலர் திரும்பி வந்தாள். பெஞ்சைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள். அழவில்லை. என்னிடம் வந்து கேட்டாள்:

"எங்கப்பா போயிட்டு வரேன்னு சொல்லவே இல்லியே மேடம். அப்ப வர மாட்டாரா?"

மாதாவே! இதே கேள்வியை நான் எட்டு வயதில் கேட்டிருக்கிறேன்.

2. பெட்டி ரூம்

நம் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. அது அபசகுனம். கடைக்குப் போனாலும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லுவோம். சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அப்படியிருக்க, ஒருவர் அதைச் சொல்லாமலே போனால் பிள்ளை என்ன நினைக்கும்? பெரியவர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை.

என் அம்மா செத்த வருஷம் அப்பா என்னைச் சிதம்பரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார். முதுநகர் ஜங்ஷனில் ரயில்வே கேங்மேன் வேலை அவருக்கு. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அங்கேயும் இதே தந்திரம்தான். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அப்பாவைக் காணோம். நான் கத்திய கத்தலில் என்னை டிரங்குப் பெட்டிகள் அடுக்கிய அறையில் விட்டுப் பூட்டினார்கள். அழுகை நின்றால் கதவு திறக்கும். நின்றது. அதோடு நின்றதுதான், அதற்குப் பிறகு எதற்கும் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை. கல்யாணத்தன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட வரவில்லை. "கல்லு மனசுக்காரி" என்று மாமியார் வீட்டில் பேர் வைத்தார்கள். இன்றைக்கும் துருப்பிடித்த தகரமும் பாச்சை உருண்டையும் சேர்ந்து வாசம் அடித்தால் நான் அங்கே நிற்க மாட்டேன்.

இந்த ஹாஸ்டலிலும் ஒரு பெட்டி ரூம் இருந்தது.

மலர் அழவேயில்லை. சாப்பிட்டாள், படித்தாள். "சூப்பரா செட் ஆயிட்டா" என்றார் ஆயா. ஆனால் அந்த வாரமே பாவாடையை நனைத்துக்கொண்டாள். அடுத்து வகுப்பில். பிறகு அடிவயிற்றில் வலி, காய்ச்சல். நீர்க்கடுப்பு என்று டாக்டர் மருந்து கொடுத்தார். சிறுநீரை அடக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். பிள்ளையோ பாத்ரூம் பக்கமே போகமாட்டேன் என்றது. கூட இருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கரஸ்பாண்டெண்ட் காதுக்கு விஷயம் போனது. "கொழுப்பு மேடம். பெட்டி ரூம்ல ஒரு மணி நேரம் உக்கார வையுங்க. தானா போவா."

"சார், அந்த ரூம்ல நான் எந்தப் புள்ளையையும் உக்கார வைக்க மாட்டேன்" என்றேன். "வேணும்னா என்ன உக்கார வையுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேலைக்கு வந்து மாதம்கூட முடியவில்லை, இவள் என்னடா இப்படி என்று நினைத்திருப்பார்.

மலரைப் பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்து, "ஏன்டி போவ மாட்டேங்கிற? பல்லி கில்லி இருக்கா?" என்று கேட்டேன்.

"பாத்ரூம் போனா வெளிய இருக்கறவங்க போயிடுறாங்க மேடம்."

அட, இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள் அந்தப் பிள்ளையின் வயிறு வெந்தது? எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"எழுந்து வா. நான் கதவுக்கு வெளியவே நிக்கிறேன். நீ போயிட்டு வா."

கதவைச் சாத்திய உடனே குரல் வந்தது. "மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன்டி."

"மேடம்?"

"இங்கதான் நிக்கிறேன். பன்னெண்டாம் வாய்ப்பாடு சொல்லட்டுமா?"

சொன்னேன். அவள் வெளியே வரும்வரை சத்தமாகச் சொன்னேன். தினமும் சொன்னேன். ஹாஸ்டலே சிரித்தது, சிரித்துவிட்டுப் போகட்டும். சில நாள் கழித்து உள்ளேயிருந்தே, "தப்பா சொல்றீங்க மேடம்" என்று அவள் திருத்த ஆரம்பித்தாள். சரி, பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

3. டீக்கடையில் நின்ற ஆள்

லீவு நாளில் முதுநகர் போனேன். அப்பாவுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. காது மந்தம், மூளை படு கெட்டி. இத்தனை வருஷம் கேட்காததை அன்று கேட்டேன்.

"ஏம்ப்பா, சிதம்பரத்துல என்ன உட்டுட்டுப் போனியே, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்னா?"

"நீ அழுவன்னு சிஸ்டருங்க சொன்னாங்க."

"அழுதா அழுதுட்டுப் போறேன்!"

அப்பா சொன்னார்: "உனக்காவ இல்லம்மா. நான் அழுதுடுவேனோன்னுதான் ஓடியாந்துட்டேன். எதிர்த்தாப்ல டீக்கடைல சாயங்காலம் வரைக்கும் நின்னேன். கேட்டு வாசலுக்கு வருவியான்னு பாத்துகினே இருந்தேன். நீ வரவே இல்ல."

எப்படி வருவேன்? பெட்டி ரூமில் அல்லவா இருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அந்த வயதில் அதைக் கேட்டு அவர் என்ன செய்யப்போகிறார்? ஆனால் ஒன்று நடந்தது. அப்பா என்னைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார் என்று மனசுக்குள் இருந்த ஒரு முள் அன்றைக்குக் கழன்றது. அவர் போகவில்லை, தெருவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறார்.

சில வருஷம் கழித்து அவர் காலமானார். அப்போதும் எனக்குக் கண்ணீர் வரவில்லை. ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார முடிந்தது.

4. எழவு வீடு

முதுநகரிலிருந்து திரும்பியதும் முருகேசனுக்குப் போன் போட்டேன். ஒரு மாசக் கெடு இன்னும் முடியவில்லை. அடுத்த நாளே வந்தார். மகளைப் பார்த்ததும், "எஞ் செல்லம், இனிமே சொல்லாம போவ மாட்டேன்டி" என்று அவள் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தார். அன்றுதான் மலர் முதல் தடவையாக அழுதாள். அப்படி ஒரு அழுகை. நான் தடுக்கவில்லை.

கரஸ்பாண்டெண்ட் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "யார கேட்டு வரச் சொன்னீங்க? அட்மிஷன் டைம்ல கேட்டுல நின்னு புள்ளைங்க கத்துனா, அடுத்து வர்றவங்க பயந்து வேற ஸ்கூலுக்குப் போயிடுவாங்க. உங்களுக்கு ஹாஸ்டல் நடத்தத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"நடத்தத் தெரியாது சார். ஆனா ஹாஸ்டல்ல இருந்திருக்கேன். அது உங்களுக்குத் தெரியாது" என்றேன். "அடுத்த ஜூன்ல ஒரே ஒரு தடவ நான் சொல்றபடி செய்யுங்க. சரிப்படலன்னா நீங்க சொல்லவே வேணாம், நானே போயிடுறேன்."

எதற்காக ஒத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேறு வார்டன் கிடைக்காததும் காரணமாக இருக்கலாம்.

அடுத்த ஜூனில் என் ரூல் இதுதான். யாரும் நழுவக்கூடாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்று சொல்லவேண்டும். எந்த நாள் வருவேன் என்றும் சொல்லவேண்டும். சொன்ன நாளில் வரவேண்டும். வரமுடியாத நாளைச் சொல்லவே கூடாது. விசிட்டிங்குக்கு ஒரு மாசக் கெடு எல்லாம் கிடையாது.

அன்று கேட்டில் நடந்ததைப் பார்த்த கரஸ்பாண்டெண்ட், "என்னா மேடம் இது, எழவு வீடு மாதிரி!" என்று காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் உதறல்தான். அந்த வாரம் முழுக்க ஒரே அழுகை. ஆயா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி ஒவ்வொருவராக வந்து நிற்க ஆரம்பித்த பிறகுதான் அது அடங்கியது. சோற்றுத் தட்டுகள் காலியாக வந்தன. ஜுரம் என்று படுக்கிற பிள்ளைகள் குறைந்தார்கள். கரஸ்பாண்டெண்ட் பாராட்டவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய விஷயம்.

பெண்ணாடத்திலிருந்து ஒரு அப்பா, சர்க்கரை ஆலையில் வேலை, வரேன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. கரும்பு அரவை சீசனில் லீவு கிடைக்காது என்று அவருக்கு முன்னாடியே தெரியும். போனில் பிடித்துக் கிழித்துவிட்டேன். "உங்க மில்லுல இப்படி சொன்ன ஷிப்ட்டுக்குப் போவாம இருப்பீங்களா?" என்று கேட்டேன். மனுஷன் அதற்குப் பிறகு சொன்ன ஞாயிறு ஒன்றுகூடத் தவறவில்லை.

பெட்டி ரூமைக் காலி செய்து, ஜன்னலைத் திறந்து, பாய் விரித்துப் போட்டோம். பூட்டைக் கழற்றி நானே கிணற்றில் போட்டேன். அழவேண்டும் என்று தோன்றினால் அங்கே போய் அழலாம், யாரும் என்ன ஏது என்று கேட்கக்கூடாது. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் "அழுவாச்சி ரூம்".

5. புயலுக்குப் பிறகு வந்த ஞாயிறு

மலர் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது 2011 கடைசியில் 'தானே' புயல் அடித்தது. கடலூர் மாவட்டத்தையே புரட்டிப் போட்ட புயல். ஸ்பெஷல் கிளாஸுக்காகப் பெரிய பெண்கள் மட்டும் ஹாஸ்டலில் இருந்தார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. பண்ருட்டிப் பக்கம் ஒரு மரம்கூட நிற்கவில்லை என்று சாலையில் போகிறவர்கள் சொன்னார்கள். அதற்கடுத்த ஞாயிறுதான் முருகேசன் வரேன் என்று சொல்லியிருந்த நாள்.

காலையிலேயே மலர் அந்த வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு எவன் வருவான்? ரோடே இல்ல. உள்ள போவச் சொல்லுங்க மேடம்" என்றார் கரஸ்பாண்டெண்ட்.

"எங்கப்பா நாள் சொல்லியிருக்காரு சார்" என்றாள் மலர்.

உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத ஒரு மனிதருக்காக இந்தப் பெண்ணைக் காத்திருக்க வைத்தது நான்தானே? என் ரூல்தானே? இன்று அவர் வராவிட்டால், இத்தனை வருஷம் கட்டியதெல்லாம் அந்தப் பெஞ்சிலேயே உடைந்துபோகும். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டை அங்கேயே வரவழைத்தேன்.

"நீங்க போங்க மேடம், வேல இருக்கும்."

"இருக்கேன்டி."

வெயில் சாய்கிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் வந்து நின்றது. முருகேசன். வேட்டியெல்லாம் சேறு, கால் முழுக்கக் கீறல். விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலே சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இந்த நெலமைல ஏன்யா வந்தீங்க?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"வரேன்னு சொல்லிட்டுப் போனேனே மேடம்."

மலர் எழுந்து அவர் கையைப் பிடித்தாள். "வீடு?"

"ஓடு மட்டும் பறந்துச்சு. அம்மா நல்லா இருக்கு. தோப்புதாம்மா..." என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பெற்ற பெண் முன்னால், வாட்ச்மேன் முன்னால் அழக்கூடாது என்று அந்த மனுஷன் பட்ட பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை.

மலர் அவர் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து சொன்னாள்:

"அழுவுப்பா. இங்க அழுவலாம்."

அவர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். என் கன்னத்திலும் ஏதோ ஓடியது. தொட்டுப் பார்த்த பிறகுதான் என்னவென்று தெரிந்தது. எட்டு வயதில் நின்றது, ஐம்பத்தேழு வயதில் வந்தது. நான் துடைக்கவில்லை.

அடுத்த கோடை விடுமுறையில் நான் ஓய்வு பெற்றேன். இப்போது ஹாஸ்டல் வேலைக்கு வருகிற பெண்கள் என்னிடம் வந்து டிப்ஸ் கேட்கிறார்கள். என்னிடம் பெரிய சைக்காலஜி எல்லாம் கிடையாது. பிள்ளை செட் ஆயிடுச்சா என்று கேட்காதீர்கள். ஏன் வாயை மூடிக்கொண்டது என்று கேளுங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளியே நிற்பேன் என்று சொன்னால், நில்லுங்கள். வாட்ச்மேன் கண்ணைக் காட்டினால் அவரை முறையுங்கள்.

புயலுக்குப் பிறகு வந்த அந்த ஞாயிறன்று, இருட்டுவதற்குள் முருகேசன் கிளம்பினார். சைக்கிளைத் திருப்பி நிறுத்திவிட்டு, மலரைப் பார்த்து, "போயிட்டு வரேம்மா" என்றார்.

"நாள் சொல்லுப்பா" என்றாள் அவள்.