கரி பஸ்ஸும் கண்டக்டர் இடுப்பும்

கண்டக்டர் வேலைக்குக் குரல் வேண்டும் என்பார்கள்; எனக்கு அது கொஞ்சம் சின்னது. யுத்த காலத்தில் இடுப்புதான் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டால் எங்கள் குன்றாண்டார்கோவில் பஸ் கரியில் ஓடியது. பின்னால் கரி உலை. புறப்படுமுன் குனிந்து கால் மணி நேரம் அதன் விசிறியைச் சுற்றுவது என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம் இடுப்பில் பிடித்த வலி, கால் பெருவிரல் வரை சுண்டி இழுத்தது. இடுப்பு பிடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். முதலாளி சொல்லிவிட்டார்: "ஆடி முடியுறதுக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளு."

பலகை

ஆஸ்பத்திரி டாக்டர் என் காலைத் தூக்கினார். கத்தினேன். என் குரல் அவருக்கு எட்டவில்லை போல, இன்னும் தூக்கினார். நரம்பு அழுந்துகிறதாம், ஒரு மாசம் பலகையில் மல்லாந்து கிடக்க வேண்டுமாம், குனியவே கூடாதாம். வேலை போய்விடுமே என்றேன். "போகட்டுமே, அப்பறம் குனிய வேண்டியதே இல்ல பாரு."

பத்தியம்

திருக்கோகர்ணத்து வைத்தியர் தைலம் கொடுத்து நாற்பது நாள் பத்தியம் சொன்னார். புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, பஸ் ஏறவே ஆகாது. நான் கண்டக்டர் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப புளியையாவது விட்ருங்க தம்பி."

மிதி

பிறக்கும்போது கால் முதலில் வந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தினமும் எங்கள் பஸ்ஸில் வரும் வெற்றிலைக்கார அம்மாள் அப்படி ஒருவரைக் கையோடு கூட்டிவந்தார். கீரனூரில் பஸ் நின்றதும் வேப்பமரத்தடியில் குப்புறப் படுத்தேன். பிரயாணிகள் சுற்றி நின்று எண்ண, மூன்று மிதி. அதுவரை ஒரு காலில் இருந்த வலி இரண்டு காலிலும் பாய்ந்தது. எழுந்திருக்க முடியாமல், நிஜமாகவே கால்தான் முதலில் வந்ததா என்று கேட்டேன். "அது எந்தம்பிங்க. அவன் ரங்கூன்ல இருக்கான், அதான் மூத்தவன் நான் வந்தேன்."

மேடு

ஆடிக் கடைசி நாள், என்னைப் பார்த்து முடிவு கட்ட முதலாளியே பஸ்ஸில் வந்தார். மேட்டில் வண்டி நின்றது. விசிறிக்குக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். "தள்ளுடா அங்கிட்டு, இதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவரே கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கச் சுற்றினார். இஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது, குனிந்த முதலாளி எழவில்லை. வெற்றிலைக்கார அம்மாள் மட்டும் சிரித்தார். ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இருவரும் ஏறினோம். ஸீட்டில் ஒருக்களித்துச் சாய்ந்தார். பிறகு என்னைவிடச் சின்னக் குரலில் சொன்னார்: "நாளையிலேருந்து அதைச் சுத்தத் தனியா ஒரு ஆளு போட்டுருவோம், நீ டிக்கெட்டை மட்டும் பாரு. ஏந்தம்பி, அந்த மிதிக்கிறவன் எந்த ஊருக்காரன்?"

டாக்டரும் வைத்தியரும் மிதித்தவரும் காப்பாற்றாத என் வேலையை முதலாளியின் இடுப்பு காப்பாற்றியது; வலி மட்டும் இப்போது எங்கள் இருவருக்கும் பொது.