மேல்காற்றுக்கு மழை இல்லை

எங்கள் தெருவில் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதென்றாலும், மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுவதென்றாலும் முதலில் என் வாசலுக்குத்தான் ஆள் வரும். மழை வருமா அண்ணாச்சி என்று கேட்பார்கள். டிவியில் எத்தனை மேகப் படம் போட்டுக் காட்டினாலும் சரி, நான் வராது என்றால் பந்தக்கால் நட்டுவிடுவார்கள். முப்பது வருஷமாக உப்பளத்தில் மேஸ்திரி வேலை எனக்கு. பாத்தியில் உப்பு விளைந்து நிற்கும்போது ஒரு மழை அடித்தால் அத்தனையும் கரைந்து போகும். வானம் பார்க்கத் தெரியாதவன் அந்த வேலையில் நிலைக்க முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

என் பாடம் ரொம்பச் சின்னது. ஐப்பசியில் வாடை திரும்பினால் மழை. மேற்கே இருந்து அடித்தால் மழை இல்லை. ஆனி ஆடியில் எங்கள் பக்கம் மேல்காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும், சோற்றில் புழுதி விழும், பெண்கள் தலையோடு வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டுதான் உப்பு வாருவார்கள். ஆனால் அந்தக் காற்றுக்கு உப்பு மளமளவென்று விளையும். மேல்காற்றுக்கு மழை இல்லை என்று அளத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த மாதங்களில் குற்றாலத்தில் சாரல் என்பது எங்களுக்கும் தெரியும்தான். ஆனால் சாரல் என்றால் எங்களுக்கு வேன் பிடித்துக் குளிக்கப் போகிற சமாச்சாரம். மழைக் கணக்கில் அதை நாங்கள் சேர்ப்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என் மனைவி ஒரு நேர்த்திக்கடன் வைத்துவிட்டாள். நான் எழுந்து நடந்தால், ஆடி அமாவாசைக்கு மேற்கு மலையில் உச்சி வரைக்கும் நடந்தே ஏறிச் சாமி கும்பிடுவதாக. எந்த மலை என்று நான் எழுதப் போவதில்லை. அந்த மலையின் பேர் என் வாயில் இனி வர வேண்டாம்.

அந்தப் பாதை வருஷத்தில் சில நாள்தான் திறந்திருக்கும். போன வருஷம் ஆடிக்கு முன்னால் ஒரு மாதமாக அவள் போய்வந்தவர்களை எல்லாம் பிடித்து விசாரித்தாள். தை மாசியில் போனவர்கள் பாதை காய்ந்து கிடக்கும் என்றார்கள். வழியில் மூன்று ஓடை, கல்மேல் கால் வைத்துத் தாண்டிவிடலாம், மூன்றாவதுக்கு அப்புறம்தான் மூச்சு வாங்கும் என்றார்கள். ஆடியில் போனவர்கள் பாறை வழுக்கும், அட்டை கடிக்கும், கம்பு இல்லாமல் போகாதே என்றார்கள். வேன் எதுவரை போகும், மண்ரோடு எங்கே ஆரம்பிக்கிறது, வண்டி புதைந்தால் எத்தனை தூரம் நடக்க வேண்டும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். என்னை மலையேற டாக்டர் அனுமதிக்கவில்லை. நான் கேலி செய்துகொண்டிருந்தேன், நீ மலைக்குப் போறியா, கலெக்டர் பரீட்சைக்குப் போறியா என்று.

தெருப் பெண்கள் ஒரு வேன் நிறையக் கிளம்பினார்கள். எதிர் வீட்டுப் பெண்ணும் போனாள். அவள் புருஷன் எங்கள் அளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், எனக்குத் தம்பி மாதிரி. அவளுக்கு முழங்கால் வலி. உச்சிக்கு ஏறுகிற எண்ணமே இல்லை. அடிவாரத்துக் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு, மற்றவர்கள் இறங்குகிறவரை அங்கேயே இருப்பேன் என்று சொல்லித்தான் வேனில் ஏறினாள்.

அமாவாசையன்று காலையில் நான் பாத்தி வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது அடிவாரத்திலிருந்து என் மனைவி போன் பண்ணினாள்.

"என்னங்க, இங்கன மலைமேல கருத்துக் கெடக்கு. பாதைக்குக் காவல் நிக்கிற ஆளு, சந்தேகமா இருந்தா ஏறாதீங்கன்னு சொல்லுதாரு. ஏறவா, வேண்டாமா?"

"காத்து எங்கிட்டு இருந்து வருது?"

"மேக்க இருந்துதான். லேசாத் தூறவும் செய்யுது."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. எனக்கு மேலே ஆகாயம் துடைத்து வைத்தமாதிரி இருந்தது, காலடியில் உப்பு வெளுத்துக்கொண்டிருந்தது.

"அது சாரல், ஏளா. மழை இல்ல. மேகாத்துக்கு என்னைக்கு மழை வந்திருக்கு? தைரியமா ஏறு."

சரி என்று வைத்துவிட்டாள். என் பேச்சுக்கு மேல் அவள் வேறு யாரையும் கேட்க மாட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது யாரோ ஒருவர் போனில் வீடியோ வந்தது. சிவப்புத் தண்ணீர் மரத்தைப் புரட்டிக்கொண்டு பாறைக்கு நடுவே இறங்குகிறது. மூன்று ஓடையும் பெருகிவிட்டது, ஏறினவர்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள் என்று ஒரு குரல் சொல்கிறது. எந்த மலை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் மனைவிக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பத் திரும்பப் போட்டேன். எழுந்த வேகத்தில் டிபன்பாக்ஸ் கவிழ்ந்தது. எதிர் வீட்டுக்காரன் அதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, ஏறுங்க அண்ணாச்சி என்றான்.

அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். ஆத்தங்கரை ரோட்டில் எதிர்காற்று வண்டியைத் தள்ளியது. என் பெண்டாட்டி செத்துப்போனால் நான்தான் கொன்றவன், வேறு யாரும் இல்லை. இதுதான் வழி முழுக்க என் தலைக்குள் ஓடியது. ஆதிச்சநல்லூர் தாண்டும்போது வலது இடது பார்க்காமல் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்தில் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம் அது, அன்றைக்கு அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அங்கேதான் அவன் வண்டியை மெதுவாக்கினான்.

"அண்ணாச்சி, ஏறுததுக்கு முன்னால அக்கா உங்களுக்குப் போன் ஏதும் பண்ணுனாளா?"

"இல்லடே," என்றேன். "சிக்னல் கெடைச்சிருக்காது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவன் மறுபடி வேகத்தைக் கூட்டினான். உன் வீட்டுக்காரிக்கு என்னடே பயம், அவ அடிவாரத்துலதான இருப்பா என்று நான் அவனுக்குச் சமாதானமும் சொன்னேன். அதைக் கேட்டு அவன் வண்டியை இன்னும் முறுக்கினான்.

திருநெல்வேலி தாண்டிய பிறகு காற்றில் புழுதி இல்லை. இன்னும் மேற்கே போகப் போகக் குளிர்ந்தது. பிறகு சட்டைக் கை ஈரமானது. அதே காற்றுதான், திசை மாறவில்லை. காலையில் என் பாத்தியில் உப்பைக் காயவைத்த காற்று இங்கே என் மூக்குக்கண்ணாடியை நனைத்துக்கொண்டிருந்தது. மலையைக் காணவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் கருமேகம் சுவர் வைத்தமாதிரி நின்றது. மேலே போகிற ரோட்டில் மண் சரிந்து, பாதி அகலத்துக்குச் சேறு. ஒரு இடத்தில் மரம் விழுந்து, வண்டியைப் படுக்கவைத்து அடியில் இழுத்தோம். அப்புறம் பைக் போகவில்லை. நடந்தோம். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சோதனைச் சாவடிப் பக்கம் ஒரு டீக்கடை இருந்தது. மேல்காற்றுக்கு எப்படி இப்படி ஒரு மழை என்று நான் யாரிடம் என்றில்லாமல் புலம்பினேன். கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடக்கரை ஆளா நீங்க? இந்தக் காத்து எல்லாத்தையும் இங்கன கொட்டிட்டு வெறுங்கையோடல்லா உங்க ஊருக்கு வருது."

முப்பது வருஷமாக அந்தக் காற்று எதைத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்தது என்று நான் ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. எதிர் வீட்டுக்காரன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அடிவாரத்துக் கோயிலில் அவன் மனைவி இல்லை. பொங்கல் பானை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தது. அந்தம்மாவும் ஏறிட்டாங்க என்று வேன் டிரைவர் சொன்னார். அவன் ஓடைப் பக்கம் ஓடினான், நானும் ஓடினேன். முதல் ஓடைக்கே கிட்டப் போக முடியவில்லை. தண்ணீர் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. இருட்டினால் கயிறு போட முடியாது, விடியட்டும் என்றார்கள். அந்த இரவைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

விடிந்து, தண்ணீர் ஓரளவு வடிந்த பிறகு கயிறு கட்டி ஒவ்வொருவராக இழுத்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். என் மனைவி வந்தாள். சேலை கிழிந்து, உதடு நீலம் பாரித்து, ஒரு காலில் செருப்பில்லாமல் வந்தாள். நான் சாமி சாமி என்று அழுதுகொண்டே அவளைக் கட்டிப்பிடித்தேன். இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் நான் அவளைத் தொட்டது அதுதான் முதல்தடவை. அவள் என்னைப் பிடிக்கவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் கயிற்றில் வேறு யாரும் வரவில்லை.

எதிர் வீட்டுக்காரன் முன்னால் வந்தான். அவன் கத்தவில்லை.

"அக்கா, அவ கீழதான இருப்பேன்னா. யாரு அவள ஏறச் சொன்னது?"

அதை அவளிடம் கேட்டாலும் அவன் முகம் என் பக்கம் இருந்தது. நான் குனிந்துகொண்டேன்.

"நாந்தான் கூட்டிட்டுப் போனேன்," என்றாள் என் மனைவி.

நான் போனில் சொன்னதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் கீழே இரண்டு பாறைக்கு நடுவில் எதிர் வீட்டுப் பெண்ணின் உடலைக் கண்டெடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் என் மனைவி மிச்சத்தைச் சொன்னாள். நான் போனில் சொன்னதை அவள் வேன் பக்கம் நின்ற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். திரும்பிவிடலாம் என்றவர்களும் அதைக் கேட்டு ஏறியிருக்கிறார்கள். எதிர் வீட்டுப் பெண்ணிடம், மழை இல்லன்னு அவிய சொல்லிட்டாவ, ஒத்தையில இங்கன என்ன செய்யப்போற, மெதுவா ஏறலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இறங்கும்போது மூன்றாவது ஓடையில் அதே கையைத்தான் பிடித்திருந்தாள். தண்ணீர் வந்தபோது அந்தப் பெண்ணுக்கு முழங்கால் மடங்கிவிட்டது, கை வழுக்கிவிட்டது. உண்மையை நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். சொன்னால் அவள் வந்துவிடுவாளா என்று என் மனைவி கேட்டாள். நான் அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

தெரு அவளைச் சும்மா விடவில்லை. அடுத்தவன் பெண்டாட்டியைக் கூட்டிப் போய்த் தொலைத்துவிட்டு வந்தவள் என்று குழாயடியில் அவள் காதுபடப் பேசினார்கள். இரண்டு வீட்டில் பேச்சையே நிறுத்தினார்கள். அவள் குடத்தை வைத்துவிட்டு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். என்னிடம் மட்டும் தெரு பழையபடியே வந்தது. மழை வருமா அண்ணாச்சி என்று கேட்டது. நானும் வெட்கமில்லாமல் வானத்தைப் பார்த்துச் சொன்னேன். எதிர் வீட்டுக்காரன் எங்களை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவன் குணம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷமும் ஆடி வந்தது, மேல்காற்றும் வந்தது. போன வாரம் அளத்தில் நல்ல விளைச்சல், மறுநாள் வாருவதா இரண்டு நாள் விடுவதா என்று பேசிக்கொண்டிருந்தோம். அவன் மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பில் என் பக்கம் வந்து நின்றான். மேற்கே பார்த்தான்.

"மழை வருமா அண்ணாச்சி?"

ஒரு வருஷமாக எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அவன் கேட்டது அதுதான் முதல்தடவை.

"தம்பி, அன்னைக்கு உன் அக்கா எனக்குப் போன் பண்ணுனா. ஏறச் சொன்னது நான்தான்."

அவன் மேற்கிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"தெரியும் அண்ணாச்சி. ஏறுததுக்கு முன்னால எம் பொண்டாட்டி எனக்கும் போன் பண்ணுனா. அண்ணாச்சி மழை இல்லன்னு சொல்லிட்டாவ, நானும் ஏறுதேன்னா. நானும் சரின்னேன். வண்டியில வச்சே உங்ககிட்ட கேட்டேன்லா. ஓடைக்கரையிலயும் கேட்டேன். நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன்."

அவன் மோட்டார் கொட்டகைக்கு நடந்துவிட்டான். மேல்காற்று அடித்துக்கொண்டே இருந்தது, ஒரு சொட்டு விழவில்லை, மறுநாள் காலையில் உப்பை வாரினோம்.