கிணறு வற்றிய ஊரில் படகுச் சவாரி

1. காற்று இழுத்த மோட்டார்

“மேடம், மோட்டாரு காத்து இழுக்குது. வெரசா வாங்க.”

பம்ப் ஆபரேட்டர் கருப்பசாமி போனில் கத்தியபோது நான் கண்மாய்க் கரையில் நின்றிருந்தேன். எதிரே கண்மாய் தளும்பிக் கிடந்தது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் இல்லை என்கிறான் அவன்!

விருதுநகர் மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் நான் குடிநீர்ப் பிரிவு ஓவர்சியராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், எங்கள் பக்கம் அப்படி ஊர்கள் நிறைய. அந்த மார்கழியில் கண்மாயின் மடையை அடைத்துப் பூட்டிவிட்டார்கள். ‘குடிநீருக்காக மடை அடைக்கப்பட்டுள்ளது’ என்று போர்டும் வைத்தார்கள். உண்மைக் காரணம் கரையோரம் கட்டிக் கிடந்தது: நாலு படகு. பொங்கலன்று படகுச் சவாரி திறப்பு விழா. படகு, நடைபாதை, கலர் விளக்கு எல்லாம் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவரின் நன்கொடை. மடைச் சாவியை மட்டும் என்னிடம் கொடுத்துவைத்தார்கள். ஏதாவது நடந்தால் தலையை நீட்ட ஒரு ஆள் வேண்டுமே.

பம்ப் ரூமுக்கு ஓடினேன். கிணற்றின் அடிப்படிகள்கூடக் காய்ந்திருந்தன. எனக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மடையை அடைக்கும் அன்றே இதைச் சொல்லியிருந்தேன்.

எங்கள் ஊர்க் கிணறு கண்மாய்க்குள் இல்லை. கண்மாய்க்குக் கீழே, நெல் வயல்களின் நடுவில் இருக்கிறது. கண்மாயின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்த களிமண், தண்ணீரைக் கீழே விடாது. வயலோ மணல் கலந்த பூமி. மடை திறந்து, வயலில் தண்ணீர் நின்றால் அது இறங்கி, கிணற்றில் ஊறும். பயிர் குடித்து மிஞ்சியதைத்தான் ஊர் குடித்துக்கொண்டிருந்தது. வயலைக் காயப்போட்டார்கள், ஊரும் காய்ந்தது.

2. எந்தக் கட்சி?

செயல் அலுவலரிடம் போனேன். கெட்டவர் இல்லை. விழா முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

“சார், மடையத் திறக்கணும். கெணறு ஊறலை.”

“ஏம்மா, கண்மாயில தண்ணி குறைஞ்சா படகு சேத்துல நிக்கும். விழாவுக்கு எல்லாரும் வாராங்க. நீங்க என்ன, விவசாயிக கட்சியா?”

“நான் மோட்டாரு கட்சி சார்.”

அவர் சிரிக்கவில்லை. “பொங்கல் வரைக்கும் லாரித் தண்ணிய வச்சு ஓட்டுங்க.”

“மூடி வைக்கச் சொல்லி எழுதிக் குடுங்க சார், மூடியே வைக்கிறேன்.”

எழுதித் தரமாட்டார் என்று எனக்குத் தெரியும். தரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஊரே பார்க்கத் திறக்கப் போகிறேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தேன். ஒளித்துச் செய்வதற்கு நான் என்ன திருடவா போகிறேன்?

3. மடையில் நின்றவள்

மடைக்குப் போனால், அங்கே ஊர்ப் பெண்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள். என்னைத் தடுக்க! யாரோ நன்றாகத் திரியைக் கொளுத்திவிட்டிருக்கிறார்கள்.

முன்னால் நின்றவள் முத்துமாரி. எம்.புதுப்பட்டி என்ற ஊருக்குப் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவள். லீவு நாளிலும் அவள் நகக்கண்ணில் மருந்துப் பொடி வெள்ளியாக மின்னியது. அதைத் தேய்த்துக் குளிக்க அவளுக்கு ஒரு குடத்துக்கு மேல் கிடைப்பதில்லை.

“எங்க குடிதண்ணிய வயக்காட்டுக்கு அவுத்து விடப் போறீகளாம்ல? இந்த மருந்தோட பிள்ளையத் தூக்குறேன் நான். நெல்லுதேன் பெருசாப் போச்சா ஒங்களுக்கு?”

வயல்காரி பேச்சியம்மாள் என் பின்னால் நின்றாள். அவளுடைய நெல் பால் பிடிக்கிற பருவம், ஒரு தண்ணீர் தப்பினால் பதர்தான். “ஏன்டி, நாங்க மட்டும் மண்ணத் திங்கவா?” என்று அவள் எகிற, இரண்டு பக்கமும் வசவு பறந்தது. கரையில் படகுகள் சொகுசாக ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றாக நிற்க வேண்டிய இருவர் அடித்துக்கொள்ள, அவற்றுக்கு என்ன கவலை?

நான் முத்துமாரியின் கையைப் பிடித்தேன். “வா, ஒரு எட்டு. கெணத்தப் பாத்துட்டு வந்து என்னைய வையி.”

எல்லோருமே வந்தார்கள். முத்துமாரி கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் சகதி மட்டும் கிடந்தது.

“கண்மாய் நெறஞ்சு கெடக்கு. அடைச்சு இம்புட்டு நாளாச்சு. இங்கன ஏன் ஊறல? சொல்லு.”

கிணற்றையும், சுற்றிலும் வெடித்துக் கிடந்த வயலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இந்த வயக்காடு நனைஞ்சாத்தேன் இது ஊறுமாக்கும்?”

“ஆமா.”

“அப்ப யாருக்கும்மா மூடி வச்சிருக்காக?”

அவளே கரைப் பக்கம் திரும்பிப் படகுகளைப் பார்த்தாள். பிறகு ஆள் மாறிவிட்டாள். பூட்டை நான் திறந்தேன். துருப்பிடித்த ஷட்டர்ச் சக்கரத்தை அவளும் பேச்சியம்மாளும் சேர்ந்து சுற்றினார்கள்.

4. பிறகு

கிணறு ஒரே நாளில் ஊறிவிடவில்லை. அந்த இடைவெளியில் ஊர் என்னை வைத வசவுக்குக் கணக்கில்லை. தினமும் விடியும் முன்னே போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கடைசியில் மோட்டார் காற்று இழுப்பதை நிறுத்தியது. தெருக்குழாயில் முதலில் செம்மண் கலங்கலும் பிறகு தெளிந்த தண்ணீரும் வந்தன. பேச்சியம்மாளின் நெல்லும் பிழைத்தது. படகுகள் சேற்றில் சாய்ந்தன, விழா தள்ளிப்போனது. எனக்கு மெமோ வந்தது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். எதற்கு மன்னிப்பு? கேட்கவில்லை. காரியாபட்டிப் பக்கம் மாற்றினார்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன்.

அடுத்த வருஷமும் பொங்கலுக்கு முன்னால் மடையை அடைக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மடை மேலிருந்தே முத்துமாரி எனக்குப் போன் செய்தாள்.

“ஓவர்சியரம்மா, அடைக்க வந்திருக்காக. நாங்க அம்புட்டுப் பேரும் மடை மேலதேன் உக்காந்திருக்கோம். பேச்சியம்மா மதினி சோறு கொண்டாந்திருக்கு. எந்திரிக்க மாட்டோம்.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யாருக்குத் திறக்கிறோம், யாருக்கு மூடுகிறோம் என்பதை ஆபீசுக்குள் மட்டும் பேசாதீர்கள். ஊரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஓவர்சியரை ஒரே தாளில் மாற்றிவிடலாம். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்ட ஊரை எங்கே மாற்றுவார்கள்?