பத்து சென்டுக்கு வந்த மஞ்ஞக்கிளி

செவ்வாய்க்கிழமை காலை முந்திரி ஆலையான அண்டி ஆபீசில் நாங்கள் கொட்டையைச் சுத்தியலால் தல்லிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. கொல்லயில் ஊரிலிருந்து சைக்கிளில் வந்த ஆள் கேட்டுக்கு வெளியே நின்றபடி, "ஞானம்மா போயாச்சு" என்றான். மேஸ்திரி, "உச்சைக்கு மணியடிச்ச பெறவு போனா மதி" என்று தடுத்தார். காய்ச்சலில் கிடந்த மூன்று வாரமும் ஞானம்மா அக்காவின் இடம் எனக்குப் பக்கத்தில் காலியாகவே இருந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் எல்லோரும் எழுந்தோம். மணி அடித்திருக்கவில்லை.

அடக்கத்தின்போது அவரைப் பொறுமைசாலி என்று புகழ்ந்தார்கள். அவரோடு வேலை செய்த எங்களுக்குத் தெரியும், அக்காவுக்குப் பொறுமை கிடையாது. முந்திரி எண்ணெய் பட்டு வெந்த கையை மேஸ்திரியின் முகத்துக்கு நேரே நீட்டிப் பேசியவர் அவர். அவர் காத்திருந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: மஞ்ஞக்கிளி. உடம்பெல்லாம் மஞ்சள், கண்ணில் மை இழுத்ததுபோல் கறுப்புக் கோடு. தமிழ்நாட்டில் மாங்குயில் என்பார்கள். எங்கள் பக்கத்தில் சின்னப் பறவை எல்லாமே கிளிதான்.

கல்யாணமான புதிதில் அவர், ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த ஜன்மியின் முற்றத்தைத் தூத்துக்கொண்டிருந்தார். அங்கே மாமரத்தில் அந்தப் பறவை வந்து உட்கார்ந்தது. விளக்குமாற்றோடு நின்று பார்த்தவரிடம் வீட்டுக்காரி சொன்னாள்: "இது நல்ல மரம் உள்ள எடத்துக்குத்தான் வரும், கேட்டியா? நிங்களுக்க குடிலுக்கெல்லாம் வராது."

குடிலில் மரம் எப்படி இருக்கும்? ஜன்மியின் மண்ணில் குடிசை போட்டிருந்தவர் ஒரு தை, ஒரு மரக்கன்று, நட்டால் அந்த மரமும் ஜன்மிக்கே சொந்தம். இதை அந்த அம்மாள் சொல்லவில்லை.

பிறகு சட்டம் வந்தது. ஜன்மி மண்ணில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்றார்கள். ஜன்மி வீட்டார் அளந்து கொடுத்தது பாறை துருத்திக்கொண்டிருந்த மூலை. எல்லோரும் தெங்கு வைத்தபோது அக்கா பாறை இடுக்கில் அத்திக் கம்பு நட்டார். கணவர் கத்தினார்.

"தெங்கு வச்சா தேங்கா கிட்டும். அத்தி வச்சா என்னட்டி கிட்டும்?"

"கிளி கிட்டும்."

"அதை வச்சுக் கறி வய்க்கியா?"

"ஒமக்குத் தரமாட்டேன், பேடிக்காதேயும்."

மகன் தங்கையா கல்ஃபுக்குப் போனதும் கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: 'கிளி இன்னும் வரல்ல.' அவன் அறையில் தங்கியிருந்த மதுரைக்காரர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் திரும்பும் வழியில், தங்கையா கொடுத்தனுப்பிய பொதியோடு ஒரு கூண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே பச்சைக்கிளி.

"அம்மா, நீங்க கிளிக்குக் காத்திருக்கீங்கன்னு தங்கையா சொன்னான். திருவனந்தபுரம் கடையில மஞ்சக் கலர் இல்லயாம். பச்சதான் கெடச்சுது."

அக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கூண்டைத் திறந்துவிட்டார். அது போகவில்லை, சிறகு வெட்டப்பட்டிருந்தது. "கெடக்கட்டு," என்றார். "இதுவும் குடிகிடப்பாக்கும். இனி எறக்கிவிட ஆராலயும் ஒக்காது."

போன வருடம் தங்கையா வந்தான். கான்கிரீட் வீடு கட்டக் கொத்தனார் நூல் பிடித்தார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிணறு. நூல் அத்திமரத்தின் வழியாகத்தான் போயிற்று.

எனக்குக் கோபம் வந்தது. "வெட்டச் சம்மதிக்காதீங்க அக்கா. கல்ஃப் காசு வந்தா மரம்கூடக் கண்ணுக்குத் தெரியாதா?" என்றேன்.

"எடி மக்கா, ஒனக்க வீட்டுல ஓடு உண்டு. மழையில சருவம் வச்சு வெள்ளம் பிடிச்சிருக்கியா நீ?"

அவர் மகனிடம் கேட்டது ஒரே ஒரு தவணை. அத்தியில் காய் பிடித்திருந்தது. "இந்தப் பழம் தீரட்டு." தங்கையா முணுமுணுத்துக்கொண்டே விடுமுறையை நீட்டக் கடிதம் எழுதினான்.

பழம் சிவந்த வாரத்தில் இரண்டு மஞ்ஞக்கிளிகள் வந்தன. அன்று அக்கா வேலைக்கு வரவில்லை. மறுநாள் சுத்தியலை எடுத்தபடியே, "வந்துது," என்றார். சாயங்காலம் அவரோடு போனேன். கொத்தனாரிடம், "இனி முறிக்கலாம்" என்று அவரே சொன்னார்.

"எப்படி மனசு வருது அக்கா?"

"அந்த ஜன்மி வீட்டுக்காரி சொன்னது பொய்யாக்கும். அது தெரிஞ்சாச்சு. எனக்க மண்ணுல மரம் நின்னுது, கிளி வந்துது." சிறிது நேரம் மரத்தைப் பார்த்தார். "சங்கடம் உண்டு. ஆனா வீடும் வேணுமில்லா?"

மரம் விழுந்த அன்று வேலையாட்களுக்கு அவரே கஞ்சி வைத்தார். அந்த வீட்டில் ஒரு மழைக்காலம் நனையாமல் உறங்கினார். ஒன்றுதான்.

அவர் பறவையையும் கேட்டார், ஒழுகாத கூரையையும் கேட்டார். இரண்டையும் வெட்கப்படாமல் கேட்டார். அப்படிக் கேட்கும் துணிவைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். பத்து சென்டில் இரண்டுக்கும் இடமில்லாமல் போனது அவர் குற்றம் இல்லை. மீதி இடம் இன்னும் யாருடைய வேலிக்குள் கிடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.