விளக்குப் படத்தில் நின்ற புள்ளி

ராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே தள்ளியிருப்பேன். இது பட்டப்பகலில், ராஜபாளையத்தில், என் வீட்டில் நடந்தது. யார் சொல்லையும் லேசில் நம்புகிறவன் இல்லை நான். என்னை நம்பச் சொல்லியும் யாரையும் கெஞ்சமாட்டேன்.

சேத்தூர் ரோட்டில் பஸ் மோதியதில் என் மகள் பரிபூரணத்துக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் ஓடும். 1998இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சௌந்தரபாண்டியன் ஒரு மிசினைக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே வைத்தார். அதன்மேல் சின்னக் கேமரா. அவள் பார்க்கிற பக்கமெல்லாம் திரையில் சிவப்புப் புள்ளி போகும். தண்ணீர், விளக்கு, ஆமா, வேண்டாம் என்று நாலு படம். புள்ளி விளக்கில் நின்று மணி அடித்தால் டியூப் லைட்டை அணைக்கவேண்டும்.

"புள்ளி தானா ஓடுது. என்னை ஏமாத்துதீரு," என்றேன்.

"உங்க மக கண்ணுதான்யா ஓட்டுது."

ஒருநாள் ரேடியோவில் கண் தானம் பற்றிச் சொன்னார்கள். புள்ளி 'ஆமா'வில் போய் நின்றது.

"ஏட்டி, ஒங் கண்ணக் குடுக்கணுமா?"

திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆமா. ஆமா.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். மதுரையிலிருந்து டாக்டர்கள் வந்து கண்ணை எடுத்துப் போனார்கள். என் அக்கா வெள்ளத்தாய் மாரில் அடித்துக்கொண்டாள்.

"மிசினு சொல்லிச்சுன்னு பிள்ளை கண்ணத் தோண்டிக் குடுத்திட்டியேலே!"

சொன்னது மிசினா, என் பிள்ளையா?

மூன்றாம் நாள் காலை சௌந்தரபாண்டியன் மிசினை எடுக்க வந்தார். ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டு ஆட்டோ பிடிக்கப் போனார். நான் மட்டும் இருந்தேன். ஜன்னல் இல்லாத அறை. டியூப் லைட் எரிந்தது. கேமராவுக்கு எதிரே வெறுங்கட்டில்.

எதிரே கண் இல்லாவிட்டால் புள்ளி நடுவில் நிற்கும். நின்றது...

அசைந்தது.

விளக்குப் படத்துக்குப் போனது. டிங்...

துண்டை எடுத்துக் கேமராவை மூடினேன்.

டிங்...

"ஏட்டி... நீயா?"

ஆமாவுக்கு வரவில்லை. விளக்கு. விளக்கு.

"கண்ணக் குடுத்தது தப்பாம்மா?"

டிங்... டிங்...

லைட்டை அணைத்தேன். திரை வெளிச்சத்தில் கடிகாரம் தெரிந்தது. பதினொன்று பத்து.

புள்ளி நடுவுக்கு வந்தது.

பிறகு அசையவே இல்லை.

அடுத்த வாரம் மதுரை ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். என் மகளின் கண் பொருத்தப்பட்ட பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னார்.

"ஒங்க மக போன மூணாம் நாளு காலைல அவ கண்ணுக் கட்டப் பிரிச்சோம்யா. லைட்ட அணைங்க, லைட்ட அணைங்கன்னு ஒரே அழுகை. அங்க லைட்டே போடல. பதினொன்னு பத்துக்குத் தானா அழுகைய நிறுத்திட்டா."



"வேற... வேற எதுவும் சொன்னாளா?"



"'எதிர கட்டில் காலியா கெடக்கே, நான் எங்க'ன்னு கேட்டா. ஆனா அவ தன் கட்டில்லதான்யா படுத்திருந்தா."